எச்சி ஐயர்

விளிம்பைத் துடைக்கவில்லை அவர், ஒவ்வொரு வாய்க்கும் பிறகு துடைத்துத் துடைத்து வந்த வெள்ளைத் துணி இப்போது இடது கையில் சும்மா கிடக்கிறது, அம்மாவின் உதடு பட்ட இடம் ஈரமாக இருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் அதில் விழுகிறது, வெள்ளிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்புகிறார், அந்த ஈரம் தன் பக்கம் வந்து நிற்கும்வரை திருப்புகிறார், கோயிலுக்குள் ஒரு இருமல்கூட இல்லை, கைக்குழந்தைகள்கூட அன்றைக்கு ஏனோ அழவில்லை, அம்மா பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியைப் பிடித்தபடி இன்னும் முழங்காலில்தான் இருக்கிறாள், நான் அவளுக்குப் பக்கத்தில், எழுந்திருக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை, அவர் தலையைப் பின்னால் சாய்க்கிறார், தொண்டை ஏறி இறங்குகிறது, ஏறி இறங்குகிறது, நான் கேக்கது காதுல விழுதாக்கா என்று யாரோ என் முழங்கையைத் தொடுகிறார்கள், பார்த்தால் ஹெப்சி, ஐயரின் மகள், அழுது மூக்கு சிவந்துபோய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், விழல கண்ணு, திரும்பச் சொல்லு என்றேன்.

கோயில் முற்றத்தில் பந்தல் போட்டிருக்கிறார்கள், உள்ளே குளிர்பெட்டிக்குள் ஞானாபரணம் ஐயர் வெள்ளங்கியோடு படுத்திருக்கிறார், சாயங்காலம் பிஷப் வந்ததும் அடக்கம், அதுவரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து காப்பி குடிப்பதும் அழுவதும்தான் எங்களுக்கு வேலை, ஹெப்சி திரும்பச் சொல்கிறாள், கேட்டுக்கு மேல தட்டி கட்டியிருக்காங்களே, பாத்தீங்களாக்கா, எங்கள் எச்சி ஐயருக்குக் கண்ணீர் அஞ்சலின்னு ஆள் ஒசரத்துக்கு எழுத்து, எங்க அப்பாவுக்குப் பேரில்லையா, கோயமுத்தூர்லேருந்து எங்க பேங்க்ல வேலபாக்கவங்க எல்லாம் வந்திருக்காங்க, ஒரு அம்மா கேக்காங்க, ஒங்க அப்பா பிராமணரா, அதென்ன முன்னால எச்சின்னு, நான் என்னத்தச் சொல்ல, ஒங்ககிட்ட படிச்ச பையன்மாருதான எல்லாரும், நீங்க சொன்னாக் கேப்பாங்க, பிஷப் வாரதுக்குள்ள எறக்கச் சொல்லுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் அம்மாவின் கண்கள் அப்படியே, இமைக்காத கண்கள்.

அவள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்போம், அவர் பெண்டாட்டி ஐயரம்மா, அவர்களை ஒரு ஊரில் வேர்விட விடமாட்டார்கள், ஹெப்சி பிறந்த சூட்டோடு இங்கிருந்து மாற்றிவிட்டார்கள், அவள் வளர்ந்தது வேறு வேறு ஊர்களில், ஆனால் பேர் மட்டும் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியேறிக் கூடவே போயிற்று, எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் ஊரில் பெண் எடுத்தவன் ஒருவன் அங்கே இருந்தான், பள்ளிக்கூடத்தில் எச்சி மக வாரா என்பார்களாம், ஹாஸ்டலில் இவள் டம்ளரை யாரும் தொடமாட்டார்களாம், அப்பாகிட்ட கேட்டாச் சிரிப்பாங்க, அம்மாகிட்ட கேட்டா ஒங்க அப்பாகிட்ட கேளும்பாங்க, ரெண்டு பேருமாச் சேந்து என்னைய அலையவிட்டாங்க என்கிறாள். ஊரிலேயே இன்றைக்கு யாருக்குத் தெரியும், பந்தியில் பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றை வழித்துச் சாப்பிடுவார், அதனால் என்று சிலர், பிரசங்கம் சூடு பிடித்தால் முன்பெஞ்சுக்காரர்கள் நனைந்துபோவார்கள், அதனால் என்று சிலர், தட்டி கட்டிய பையன்களைக் கேட்டால் தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான் டீச்சர் என்பார்கள், அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஓய்வுபெற்று இந்த ஊருக்கே குடிவந்த பிறகு அவர் அவர்களோடு கேரம் ஆடியவர். முழுக் கதையும் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான், தட்டியை இறக்கச் சொல்லும்படி என்னிடம் வந்து கேட்கிறாள் பாருங்கள், கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்கிறாள்.

எங்க அம்மாவ நீ பாத்ததில்ல என்று தொடங்குகிறேன், தொடங்கியதும் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள், தங்கப்பூ என்று பேர், புருவம் உதிர்ந்துபோன முகம், மடங்கிப்போன விரல்கள், நரைத்த தலையில் முக்காடு, பெருவியாதி வந்து வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நான் பாவாடை கட்டிய பிள்ளை, திரும்பி வரும்போது டீச்சர் ட்ரெயினிங் முடித்து வேலைக்குக் காத்திருக்கிறேன், நடுவில் அப்பாவும் போய்ச்சேர்ந்துவிட்டார், சுகமாயிட்டு, இனி யாருக்கும் ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அந்தச் சொல் எங்கள் தெருவுக்கு மட்டும் வந்து சேரவில்லை, வாசலில் வந்து விசாரித்தவர்கள் வாசலோடு போனார்கள், அம்மா அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை, அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, நற்கருணை, அங்கே ஆஸ்பத்திரியில் அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்துக் கையில் போட்டுவிடுவார்கள், யாரும் யாருடைய பாத்திரத்திலும் வாய் வைக்க மாட்டார்கள், வந்த அன்றைக்கே சொன்னாள், ஏளா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், எல்லாரும் குடிக்க பாத்திரத்துல ஒரு தடவ குடிச்சுட்டன்னா நான் வீட்டுக்கு வந்துட்டேன்னு நம்பிருவேன். நம்புகிறாளா என்று அவள் முகத்தைப் பார்க்கிறேன், நான் ஹெப்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் கேட்கிறாள்.

எங்கள் சபைக் காரியதரிசி மதுரநாயகம், எனக்குச் சித்தப்பா முறை, கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர், ஆனால் பயந்த மனுஷன், பயந்தவர்களுக்குச் சட்டம் பேச நன்றாக வரும், மதனி கோயிலுக்கு வரட்டும், ஒக்காரட்டும், பாடட்டும், பாத்திரம் மட்டும் வேண்டாம் ஐயரே, மத்தவங்க குடிக்க மாட்டாங்க, சபை ரெண்டாப் போகும் என்று கமிட்டியில் பேசியிருக்கிறார், ஞானாபரணம் ஐயர் அப்போது புதிது, ஒல்லி, கழுத்துக்குப் பெரிய காலர், ஊர் இவரை இன்னும் ஒரு ஆளாக மதிக்கவில்லை, அவர் சண்டை போடவில்லை, என்ன செய்யலாம் நீங்களே சொல்லுங்க என்று கேட்டிருக்கிறார், கூடிப் பேசி அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள், எல்லா வரிசையும் முடிந்த பிறகு கடைசியாக அம்மா வரட்டும், அதற்குப்பின் அந்த மாதம் யார் வாயும் அந்தப் பாத்திரத்தில் படப்போவதில்லை, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டி வெந்நீரில் கழுவிக் கவிழ்த்துவிடுவார், ஐயரும் சரி என்றார், சித்தப்பாவுக்குப் பெரிய நிம்மதி. அவர்கள் மறந்துபோனது ஒன்று உண்டு, மீந்த ரசத்தைக் கீழே ஊற்றக்கூடாது, எடுத்து வைக்கவும் கூடாது, குருவானவரே குடித்துத் தீர்க்க வேண்டும், மாதாமாதம் எல்லார் கண்முன்னாலும் நடப்பதுதான், ஆனால் அதை யார் பார்த்தார்கள், அந்நேரம் சபையே வாசலில் கழற்றிப்போட்ட செருப்பை நினைத்துக்கொண்டிருக்கும். கடைசி என்று அவர்கள் அம்மாவுக்கு ஒதுக்கிய இடத்துக்குப் பின்னால் இன்னும் ஒரு ஆள் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட நிறைய ஊற்றியிருந்தார் ஐயர், வேணுமென்றுதான், ஒரு வாய், இரண்டு வாய் மிஞ்சும் இடத்தில் அரைப் பாத்திரம் மிஞ்சியது, எனக்குக் கொடுத்தார், அம்மாவுக்குக் கொடுத்தார், அவளால் பிடிக்க முடியாது என்று அவரே வாயருகே சாய்த்துப் பிடித்தார், அம்மா கண்ணை மூடிக் குடித்தாள், அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இத்தனை வருஷமாக நான் கண் முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறேன், அவசரமில்லாமல், நின்று, எல்லாரும் பார்க்க, கடைசிச் சொட்டுவரை குடித்தார், அப்புறம் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்தார், ஆசீர்வாதம் சொன்னார், ஆமென் சொல்லச் சபைக்குக் குரல் எழும்பவில்லை. மறுநாள் டீக்கடையில் சித்தப்பா காறித் துப்பிவிட்டு, ஐயராவே அவரு, எச்சி ஐயரு என்றாராம், இப்படி ஒரு பேருக்குக் காலும் சேர்த்து முளைக்கும்போல, மத்தியானத்துக்குள் அது தெருத்தெருவாய்ப் போய்விட்டது. நான் வயிறெரிந்து அழுதேன், ஹெப்சி, ஒனக்கு வந்த அழுகதான் என்கிறேன், அவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

இன்னொன்றும் காதில் வந்தது, ஐயர் வீட்டில் ஐயரம்மா அவருக்குத் தனித்தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார்களாம், அழுதுகொண்டே வைத்தார்களாம், அவர்கள் அப்போது ஏழாம் மாசம், தலைப்பிரசவம், யார் அவர்களைக் குறை சொல்ல முடியும், நான் சொல்லவில்லை, ஆனால் அம்மாவுக்கு அது தெரிந்தபோது அவள் முகம் செத்துவிட்டது. ஐயர் எங்கள் வீட்டுக்கு வருகிறார், வருகிறார் பார் இப்போதும், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையில் வெயிலுக்குக் கைக்குட்டை போட்டுக்கொண்டு, தங்கப்பூ அம்மா காப்பி உண்டா என்று நேரே அடுப்படி வாசலில் வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார், என்னால ஒங்களுக்கு இப்படி ஒரு பேராயிட்டே ஐயரே என்று அம்மா அழுகிறாள், அவர் சிரிக்கிறார், ஞானாபரணம்ங்கது எங்க அப்பா வச்ச பேரும்மா, அதுக்கு நான் ஒண்ணும் செய்யல, இது நான் சம்பாதிச்சது, இதப்போயி வேண்டாங்கீங்களே என்கிறார், அம்மா சிரிக்கவில்லை, நான் இனிமே கிராதிக்கு வரமாட்டேன் என்றாள், வீட்டுக்கு வந்துட்டேன்னு நம்பியாச்சு, அது போதும், ஒங்க வீட்டுல புள்ளத்தாச்சி இருக்காங்க, எனக்காக நீங்க குடிச்சு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆகிப்போனா நான் எந்த முகத்தோட சாவேன், ஆஸ்பத்திரில ஒட்டாதுன்னுதான சொன்னாங்க என்றார் ஐயர், ஆஸ்பத்திரி சொன்னது எனக்குத் தெரியும், ஒங்க வீட்டம்மாவுக்குத் தெரியணும்லா என்றாள் அம்மா. ஐயர் காப்பியைக் குடித்து முடித்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார், அவர் அப்படித் தலை குனிந்து போனதை நான் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

அடுத்த மாதத்து நற்கருணைக்கு அம்மா வரவில்லை, நீ போய்ட்டு வா என்று என்னை அனுப்பிவிட்டாள், நான் போனேன், ஆனால் கிராதிக்குப் போக மனம் வராமல் பின்பெஞ்சில் இருந்துகொண்டேன், ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை, எல்லாம் முடிந்தது, மீதியைக் குடித்து ஆசீர்வாதம் சொன்னால் வீட்டுக்குப் போகலாம், ஐயர் குடிக்கவில்லை, பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி நிற்கிறார், சபை அவரைப் பார்க்கிறது, அவர் சபையைப் பார்க்கிறார், சித்தப்பா எழுந்து, முடிஞ்சுட்டு ஐயரே, இனி ஆளில்ல என்கிறார், இன்னும் ஒரு வரிசை இருக்கு என்கிறார் ஐயர், அவ்வளவுதான், அதற்குமேல் பேசவில்லை, மே மாத வெயில், ஓட்டுக்கூரை, விசிறிகள் அசைகின்றன, எழுந்து போகவும் முடியாது, ஆசீர்வாதம் வாங்காமல் போவது எங்கள் சபையில் பெரிய மரியாதைக்குறைவு, பிள்ளைகள் சிணுங்குகின்றன, யாராவது போய்க் கூட்டிக்கிட்டுத்தான் வாங்களேம்ல என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு, யாரும் எழவில்லை, அப்போது முன்பெஞ்சில் ஐயரம்மா இடுப்பில் கை கொடுத்து மெல்ல எழுந்தார்கள், அன்றைக்கு அவர்களும் கிராதிக்குப் போயிருக்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது, நடுவழியாக நடந்து வந்து, என் பெஞ்சருகே நின்று, வாளா, ஒங்க வீடு எனக்குத் தெரியாது என்றார்கள்.

மணல் சுடுகிறது, அவர்கள் செருப்புப் போட மறந்துவிட்டார்கள், நான் சொல்லவும் இல்லை, மூச்சு வாங்க நடக்கிறார்கள், அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கருவாட்டைச் சாம்பல் போட்டு உரசிக்கொண்டிருக்கிறாள், தலை தூக்கிப் பார்த்தவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள், ஐயரம்மா, கிட்ட வராதீங்க, வயித்துப்புள்ளக்காரி என்று கையை ஆட்டுகிறாள், ஐயரம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் பயந்தேன், இல்லைங்கல என்கிறார்கள், தட்ட ஒதுக்கி வச்சதும் நாந்தான், இந்த மாசம் பூரா பயந்துதான் கெடந்தேன், அவுக ஒரு வார்த்த கோவிக்கல, அந்தத் தட்டுலயே சாப்புட்டாக, எனக்குத்தான் சோறு எறங்கல, நீங்க எம்புள்ளைக்காக வரமாட்டேன்னீங்களாமே, எம்புள்ளைக்காக இவ்வளவு நெனச்ச மனுஷி வீட்டுல இருக்க, நான் மட்டும் போய் எப்படிக் குடிப்பேன், எந்திரிங்க, அங்க அவுகளுக்குக் கை வலிக்கும். சொல்லிவிட்டு உள்ளே வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்கள், சாம்பலும் கருவாட்டு வாடையுமாக மடங்கிக் கிடந்த விரல்களுக்குள் தன் விரல்களை நுழைத்துப் பிடித்தார்கள், ஆஸ்பத்திரிக்காரர்களைத் தவிர வெளி ஆள் ஒருவர் அந்தக் கையைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல், நான் அவர்களுக்கு எவ்வளவோ கடமைப்பட்டிருக்கிறேன், ஹெப்சி, ஒங்க அம்மா இருந்தவரைக்கும் இத ஒரு தடவகூட என்னையச் சொல்லவிடல.

கோயிலுக்குள் மூன்று பேரும் நுழைகிறோம், ஐயர் அதே இடத்தில் நிற்கிறார், அம்மா கிராதியில் போன மாதம்போல் ஓரத்துக்கு, கடைசி இடத்துக்கு நகர்கிறாள், ஐயரம்மா அவளைத் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துவிட்டு, அந்தக் கடைசி இடத்தில் தான் முழங்கால் போடுகிறார்கள், வயிறு கிராதியில் இடிக்கிறது, சரிந்து உட்காருவதுபோல் ஒருக்களித்துக்கொள்கிறார்கள், எனக்குக் கொடுக்கிறார், அம்மாவுக்குக் கொடுக்கிறார், அடுத்து தன் பெண்டாட்டியின் முன்னால் வந்து நின்றுவிடுகிறார், பாத்திரத்தில் ரசம் அலம்புவதை நான் பார்க்கிறேன், வெள்ளைத் துணியை எடுத்து விளிம்புக்குக் கொண்டுபோகிறார், ஐயரம்மா அந்தத் துணியை விரலால் விலக்கிவிட்டு, பாத்திரத்தின் அடியைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்துக் குடிக்கிறார்கள், அவர்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது, ஐயரின் முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை, மீதியைக் குடித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசீர்வாதம் சொன்னார், சித்தப்பா அந்த ஆசீர்வாதத்துக்கும் வாய் திறக்கவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார், ஆனால் அதற்கடுத்த மாதம் வரிசை பற்றி யாரும் கமிட்டியில் பேசவில்லை, அம்மா நடு வரிசையில் முழங்கால் போட்டாள், அவளுக்கு அந்தப் பக்கத்திலும் ஆள் இருந்தது. சாகிறவரைக்கும் அப்படித்தான் குடித்தாள், காரணம் தீர்ந்துபோயிற்று, பேர் மட்டும் நின்றுவிட்டது, நல்லவேளை நின்றது.

ஹெப்சியின் காப்பி ஆறி ஆடை படிந்திருக்கிறது, அக்கா, அம்மா வயித்துல அப்ப என்று ஆரம்பித்து நிறுத்துகிறாள், நீதான் என்கிறேன், ஒங்க அம்மா குடிச்சதும் வயித்துல கைய வச்சுக்கிட்டாங்க, நீ ஒதச்சிருப்ப போல, ஒனக்கு வேண்டாம்னா தட்டிய எறக்கச் சொல்லுதேன், ஆனா அந்தப் பேருல ஒனக்குப் பங்கு இருக்குன்னு சொல்லாம எறக்கக் கூடாதுல்லா, அதுக்காகத்தான் இவ்வளவும் பேசுனேன். அவள் தலை குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பிறகு நிமிர்ந்து கேட்டுப் பக்கம் பார்க்கிறாள், வெயிலில் தட்டி காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது, பையன்கள் அதன் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அப்போது இப்போதைய ஐயர், வயதில் சின்னவர், கையில் பேனாவோடு பந்தலுக்குள் வருகிறார், பிஷப் கிளம்பிட்டாங்களாம்க்கா, கல்லறைல பேரு வாசிக்கணும், அருள்திரு ஞானாபரணம்னு மட்டும் வாசிச்சாப் போதுமா என்று ஹெப்சியிடம் கேட்கிறார், அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள், போதாது ஐயரே என்கிறாள்.